முழங்கை நின்ற வரிசை

மருத்துவமனைக் கண்காணிப்பாளருடைய மகனுக்காக அவள் பள்ளி வரிசையில் கூலிக்கு நின்ற ஆண்டில்தான், இரும்புக்கடைக்காரருடைய மைத்துனனின் மூக்கு உடைந்தது. அடித்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முகம் பள்ளி வாசலை நோக்கியிருக்க, வலக்கையை மடக்கிப் பின்னால் ஒருமுறை வீசினாள். பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றவன் முகத்தைப் பொத்தியபடி தரையில் உட்கார்ந்தான்; விரல்களுக்கிடையே இரத்தம் வழிந்து சட்டையில் சொட்டியது. வரிசையில் நின்ற எவரும் அவனைத் தூக்கிவிடவில்லை. தூக்கக் குனிந்தால் இடம் போய்விடும்.

அன்றுமுதல் அவள் முழங்கை. சலவைக்கூடத்தில் கேட்டாலும் தெரியும், காவல் நிலையத்தில் கேட்டாலும் தெரியும்.

எங்கள் பகுதியில் அரசுப் பள்ளிகள் இரண்டு. ஒன்று, மேட்டுத் தெருவின் உச்சியில் இருப்பது. அதற்கு ஆய்வுக்கூடம் உண்டு, நூலகம் உண்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியர் உண்டு. மற்றொன்று, பள்ளத்தில் பழைய சாயப்பட்டறைக்குப் பின்னால் இருப்பது. நான் ஓய்வுபெறும்வரை பணியாற்றியது அங்கேதான். இரண்டு பள்ளிகளுக்கும் ஒரே பாடநூல், ஒரே தேர்வு. ஆனால், எங்கள் பள்ளியில் மழைக்காலத்தில் இரு வகுப்புகளை ஓர் அறையில் அடைக்க வேண்டியிருந்தது. அறிவியல் ஆசிரியராக நியமிக்கப்பட்டவர்கள் பெட்டியைத் திறக்குமுன்பே மாறுதல் ஆணை வாங்கிக்கொண்டு போனார்கள்.

இந்நிலையில் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பெற்றோர் தாம் விரும்பும் அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாம். தெரு, வட்டம் என்ற எல்லை இனி இல்லை. படிப்பதற்கு அழகான ஆணை. எல்லாரும் மேட்டுப் பள்ளியையே விரும்பினார்கள். அங்கே முதல் வகுப்பில் அறுபது இடங்கள். எனவே, முன்னால் வருபவருக்கு முன்னுரிமை என்று ஒரு விதியும் கூடவே வந்தது. அதைவிட நேர்மையான விதி வேறு இல்லை என்று அப்போது நானும் எண்ணினேன்.

இரவில் தெருவில் கூட்டம் கூடக் காவல்துறை அனுமதிக்கவில்லை. மேட்டுத் தெருவின் அடியில் குறுக்கே ஒரு மரக்கட்டையைப் போட்டு வைத்தார்கள். சேர்க்கை நாளன்று சலவைக்கூடத்தின் காலைச் சங்கு ஊதியதும் காவலர் கட்டையைத் தூக்குவார். பின்னால் அடைந்து நிற்கும் கூட்டம் ஏற்றத்தில் பாயும். முட்டியும் இடித்தும் மயிரைப் பற்றி இழுத்தும் எந்த ஒழுங்கில் பள்ளி வாசலை அடைகிறார்களோ, அந்த ஒழுங்கே வரிசை. அலுவலகச் சன்னல் திறக்கும்வரை அதைக் காப்பது அவரவர் உடம்பின் பொறுப்பு.

சன்னலில் அமர்ந்திருந்த எழுத்தர், வரிசையில் நின்றவர் யார் என்று கேட்கமாட்டார். எந்தப் பெற்றோர் பிள்ளையுடன் சன்னலுக்கு வந்தார் என்பதே அவருக்கு வேண்டியது. இதைப் புரிந்துகொள்ள வசதியுள்ளவர்களுக்கு அதிக நாள் ஆகவில்லை. சந்தையில் மூட்டை தூக்குபவர்களைக் கூலிக்கு ஓடவிட்டார்கள். சன்னல் திறக்கும் நேரத்துக்குப் பிள்ளைக்குத் தலைவாரி, வண்டியில் வந்து இறங்கி, கூலியாள் நின்ற இடத்தில் தாம் நின்றுகொண்டார்கள்.

எங்கள் பள்ளி ஆசிரியர்களுக்கும் அன்று ஒரு வேலை இருந்தது. தெருவடியில் ஒரு மேசையைப் போட்டு அமர்ந்திருப்போம். உச்சியிலுள்ள பள்ளி வாசல்வரை அங்கிருந்து தெரியும். மேலே இடம் கிடைக்காமல் இறங்கி வருபவர்களைக் கூப்பிட்டு எங்கள் பள்ளியில் சேர்த்துக்கொள்வோம். அந்த மேசையில் இருந்தபோதுதான் நான் அவளை முதன்முதலில் பார்த்தேன்.

அப்போது அவள் முழங்கை அல்லள். மருத்துவமனை விரிப்புகளை வெளுக்கும் கூடத்தில் ஈரத்துணி பிழிபவள்; கணவன் வேறோர் ஊரில் வேறொரு குடும்பத்தோடு இருந்தான், எப்போதாவது வந்து போவான். மூத்த மகளுக்காகத் தனியாக ஓடியிருந்தாள். நன்றாகவே ஓடினாள். பாதி மேட்டில், ஒரு சுமைதூக்கி உள்ளங்கையை அவள் முகத்தில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினான். பின்மண்டை தரையில் மோத விழுந்தவளின் மேல் கூட்டம் ஏறிப் போயிற்று. ஒரு செருப்புக்கால் அவள் வாயில் இறங்கி, முன்பற்கள் இரண்டைக் கொண்டுபோயிற்று. எழுந்து, நொண்டிக்கொண்டே சன்னல்வரை போயிருக்கிறாள்.

"முடிஞ்சுதும்மா. அடுத்த வருஷம் வா."

"அடுத்த வருஷம் வரைக்கும் இவள எங்க சார் வைக்கறது?"

"கீழ வை."

எழுத்தர் சொன்னபடியே கீழே வந்தாள். வாயில் ஒரு துணியை அழுத்திக்கொண்டு, மறு கையில் மகளைப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"இங்க வரிசை எதுவும் இல்லையா டீச்சர்?"

"இல்லம்மா. உக்காரு."

"அதான பாத்தேன்," என்றாள். துணி நனைந்து சிவந்திருந்தது.

மூத்தவள் கெட்டிக்காரி. எட்டாம் வகுப்புவரை எங்களிடம் படித்தாள். அறிவியலில் இருமுறை தவறினாள். கற்பிக்க ஆள் இல்லாத பாடத்தில் வேறென்ன செய்வாள்? பிறகு அவளும் சலவைக்கூடத்துக்கே போனாள். அம்மா பிழிந்து போட்டதை மகள் இஸ்திரி இயந்திரத்தில் கொடுத்தாள்.

தன்னைத் தள்ளியவன்மேல் அவளுக்குக் கோபமில்லை என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. "அவன் என்ன பண்ணுவான் டீச்சர்? வாங்கின காசுக்கு ஒழுங்கா வேலை செஞ்சான். நான்தான் வெறுங்கையோட போயிட்டேன்," என்றாள். சில ஆண்டுகளுக்குப் பின் மருத்துவமனைக் கண்காணிப்பாளர், அவள் தோளையும் கையையும் பார்த்துவிட்டுத் தம் மகனுக்காக நிற்க முடியுமா என்று கேட்டபோது, தயங்காமல் சரி என்றாள். மைத்துனன் மூக்கு உடைந்தது அந்தச் சேர்க்கையில்தான். அவனுக்குக் கட்டுப் போட்டு முடித்த கையோடு இரும்புக்கடைக்காரர் சலவைக்கூட வாசலில் வந்து நின்றார். புகார் சொல்ல வரவில்லை.

"அடுத்த வருஷம் எங்க பொண்ணுக்கு நீதான் நிக்கணும். மச்சான நம்பி ஒரு வருஷம் போச்சு."

அவ்வாறு தொடங்கிய தொழில் வளர்ந்தது. சந்தையிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்து அவளே பழக்கினாள். குதிகாலால் எதிரியின் புறங்காலை எப்படி மிதிப்பது, விலாவின் கீழ் எங்கே இடித்தால் மூச்சு நிற்கும், விழுந்தால் எப்படிச் சுருண்டுகொள்வது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். அவர்களில் முதல் மாணவன் பூட்டு. பிடித்தால் எவராலும் பிரிக்க முடியாத பிடி என்பதால் அந்தப் பெயர்.

அவள் கொண்டுவந்த புதுமை கயிறு. வாசலை அடைந்ததும் தன் ஆட்களை இடுப்போடு இடுப்பாகக் கயிற்றால் பிணைத்துவிடுவாள். நடுவில் எவரும் நுழைய முடியாது. ஒருவரைப் பிடுங்க வேண்டுமானால் அனைவரையும் பிடுங்க வேண்டும். அவள் போட்ட முடிச்சு, சலவைக்கூடத்தில் ஈர விரிப்பு மூட்டைக்குப் போடும் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். மூட்டையைப் பிரிக்க வேண்டுமானால் கயிற்றைத் தொய்யவிட வேண்டும். இழுவை இருக்கும்வரை அரிவாளுக்குத்தான் அது வழிவிடும். மூட்டைக்கு அதைவிடச் சிறந்த முடிச்சு இல்லை. மனிதரின் இடுப்புக்கு அதைப் போடலாமா என்று அவளுக்கும் தோன்றவில்லை, அவளிடம் கற்றவர்களுக்கும் தோன்றவில்லை. முன்னும் பின்னும் தடியர்களே நின்றதால் அதுவரை ஒன்றும் ஆகவில்லை.

அந்த ஆண்டுகளில் அத்தெருவில் சிந்திய இரத்தத்தை நான் மேசையில் அமர்ந்தபடி பார்த்திருக்கிறேன். ஒரு பேருந்து நடத்துநரின் காதுமடல் கிழிந்து தொங்கியது. ஒரு தகப்பனின் விரல்கள் வாசற்கதவின் கீலில் சிக்கி நசுங்கின. இரு தாய்மார், பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள், ஒருவர் கையை ஒருவர் கடித்துச் சதையைத் துப்பினார்கள். மறுநாள் செய்தித்தாளில் "சிறு தள்ளுமுள்ளு" என்று வரும். அரசுப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்ப்பதில் பெற்றோர் காட்டும் ஆர்வம் மகிழ்ச்சியளிப்பதாகக் கல்வி அலுவலர் கருத்துச் சொல்லியிருப்பார்.

முழங்கைக்கு இளைய மகள் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஆறு வயது ஆயிற்று.

"சின்னவ மேல போவா," என்று அவள் என்னிடம் ஒருநாள் சொன்னாள். "பெரியவள உங்ககிட்ட குடுத்தேன். தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். ரெண்டாவதையும் குடுக்க மாட்டேன்." நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

கூலிக்கு நிற்பவர்கள் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். தம் பிள்ளைக்காக நிற்பவர் அந்த ஆண்டு கூலிக் கூட்டத்தில் சேரக் கூடாது. சேர்ந்தால் காசு கொடுத்தவரின் இடத்தைத் தம் பிள்ளைக்கு எடுத்துக்கொள்வார் என்ற பயம். விதியை வகுத்தவளே அவள்தான். ஆகையால் பூட்டிடம் முன்கூட்டியே சொன்னாள்.

"இந்த வருஷம் நான் வரல தம்பி. சின்னவளுக்காக நிக்கறேன்."

பூட்டு தேநீரை உறிஞ்சிவிட்டுக் கேட்டான்: "எங்க நிக்கறதா உத்தேசம்?"

"மொதல்ல."

"மொத இடத்துக்கு இரும்புக்கடைக்காரர்கிட்ட நான் காசு வாங்கியாச்சு அக்கா. அவரோட கடைசிப் பையன்."

"ரெண்டாவதா நின்னா அவன் பையன ஃபெயில் ஆக்கிடுவாங்களா?"

"மொத ஆளா நின்னாத்தான் அவருக்குக் கவுரவம். காசும் அதுக்குத்தான்." அவன் சிரித்தான். "உன் முழங்கைய எனக்கு நீயேதான் பழக்கின. மறந்துடாத."

"பாதிதான்டா பழக்கினேன்," என்றாள் அவள்.

தனியாக நின்றால் பின்னாலிருந்து பிடுங்கிவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஒருவராவது முதுகுக்குப் பின்னால் வேண்டும். அதற்கு ஒருத்தி தானாகவே வந்தாள். முழங்கையின் அறைக்கு அடுத்த அறையில் இருந்த தையல்காரி. மேட்டுப் பள்ளிச் சீருடைகளைக் கடைக்குத் தைத்துக் கொடுப்பவள். எத்தனையோ பிள்ளைகளின் அளவு அவளுக்கு மனப்பாடம். தன் மகளுக்கு ஒன்றும் தைத்ததில்லை. அவளுடைய மகளும் முழங்கையின் சின்னவளும் ஒரே வயது. நடைபாதையில் இருவரும் ஒரே துண்டுச் சுண்ணக்கட்டியால் எழுதி விளையாடுவார்கள்.

"என்னையும் உன் கயித்துல சேத்துக்கோ அக்கா."

முழங்கை அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உன் உடம்பு ஊசி மாதிரி இருக்கு. மொத இடியிலயே காணாமப் போயிடுவ."

"ஊசிதான் அக்கா எவ்வளவு கெட்டித் துணிக்குள்ளயும் மொதல்ல போகும்."

முழங்கை சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பிலேயே பேச்சு முடிந்தது. தையல்காரி அந்த வாரம் இரண்டு சீருடைகள் தைத்தாள். ஒன்று தன் மகளுக்கு. மற்றொன்று முழங்கையின் மகளுக்கு, கூலியில்லாமல்.

சங்கு ஊதியது, கட்டை எழுந்தது. தையல்காரியின் மணிக்கட்டைப் பற்றி இழுத்தபடி முழங்கை ஓடினாள். ஏற்றத்தின் தொடக்கத்திலேயே பூட்டின் ஆள் ஒருவன் குறுக்கே காலை நீட்டினான். அந்த முழங்காலின் மேலேயே மிதித்து ஏறினாள். அவன் அலறியது தெருவடியில் இருந்த எங்களுக்குக் கேட்டது. இன்னொருவன் அவள் சடையைப் பிடித்தான். அவள் நிற்கவில்லை, ஒரு பிடி மயிர் அவன் கையில் தங்கிற்று. பூட்டு அவளோடு தோளுக்குத் தோள் ஓடினான். வாசலுக்கு அருகில் அவள் இடக்கையால் அவன் கழுத்தின் பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டினாள். அது அவனுக்குப் பழக்காத பாதி. அவன் தடுமாறிய அந்த இமைப்பொழுதில் அவள் இரும்பு வாசலின் கம்பியைப் பிடித்துவிட்டாள். தையல்காரி அவள் முதுகில் வந்து மோதினாள். அவர்கள் இருவர் இடுப்பிலும் முடிச்சுகள் விழுந்தன. முதலாவது முழங்கை, இரண்டாவது தையல்காரி, மூன்றாவது பூட்டு.

"வயித்த எக்கிக்கோ. மூச்சு கொஞ்சமா விடு," என்றாள் முழங்கை, திரும்பாமல்.

"எத்தன நேரம் அக்கா?"

"சன்னல் தொறக்கற வரைக்கும். பேசாத, மூச்சு வீணாகும்."

வெயில் ஏறியது. பூட்டு பின்னாலிருந்து தையல்காரியின் குதிகாலை மிதித்தான், விலாவில் இடித்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகளோடு பெற்றோர் வந்து சேர்ந்தார்கள். மூத்தவள், சீருடை அணிந்த இரண்டு சிறுமிகளையும் கைக்கு ஒருத்தியாக அழைத்து வந்து வாசலோரம் நின்றாள்.

வாசல் திறந்தது. சன்னலுக்கும் வாசலுக்கும் இடையே சில அடி தூரமே இருந்தது.

அப்போது பூட்டு தன் பிடியைப் போட்டான். தையல்காரியின் இடுப்பைச் சுற்றியிருந்த கயிற்றை இரு கைகளாலும் பற்றி, காலை வாசற்படியில் உதைத்துக்கொண்டு, பின்னால் சாய்ந்தான். அவன் ஆட்கள் அவனைப் பிடித்து இழுத்தார்கள். முன்னால் முழங்கை, பின்னால் அவர்கள். நடுவில், விலாவுக்கு ஏறி இறுகிய அந்த முடிச்சு.

"அக்கா, கயிறு."

முழங்கைக்குப் புரிந்தது. ஓர் அடி பின்னால் வைத்தால் கயிறு தொய்யும், முடிச்சு தளரும். ஓர் அடி பின்னால் வைத்தால் இருவரையும் மொத்தமாக வாரி வெளியே எறிந்துவிடுவார்கள். எதிரே சன்னல். சன்னலுக்குப் பக்கத்தில், மூத்தவளோடு உள்ளே நுழைந்துவிட்ட சின்னவள், சீருடையில்.

"அக்கா, மூச்சு வரல."

அவள் முன்னால் அடி வைத்தாள். சலவைக் கொப்பரையிலிருந்து ஈர மூட்டையை இழுப்பதைப்போல, தலையைக் கவிழ்த்து, தொடையில் பாரத்தைத் தாங்கி, இழுத்தாள். பின்னால் ஏதோ முறிந்தது. ஒன்றல்ல, அடுத்தடுத்துச் சிலமுறை கேட்டது. அவள் மறுபடியும் இழுத்தாள். சன்னலின் விளிம்பு கைக்கு எட்டியது.

"பிள்ளை?" என்றார் எழுத்தர்.

"இதோ, இதோ சார்."

சின்னவளைத் தூக்கிச் சன்னல்முன் நிறுத்தினாள். சேர்க்கை அட்டை கைக்கு வந்தது. அதன்பின்பே ஓர் அடி பின்னால் வைத்தாள். முடிச்சு தளர்ந்தது. தையல்காரி கயிற்றிலிருந்து நழுவித் தரையில் விழுந்தாள். உதடுகள் நீலமாக இருந்தன. வாயோரத்தில் இரத்தம் நுரைத்தது. பூட்டு அவளைத் தாண்டிச் சன்னலுக்குப் போனான். அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் அவ்வளவு கவனமாகத் தாண்டவில்லை. அவள் இடக்காலின் மேல் ஏறியே போனார்கள். சீருடை அணிந்த அவளுடைய மகள் மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விலா எலும்புகள் மூன்று முறிந்து, ஒன்று நுரையீரலைக் குத்தியிருந்தது. காலும் முறிந்திருந்தது. அந்த வாரம் பெண்கள் அவசரப் பிரிவிலிருந்து வந்த விரிப்புகளை முழங்கை வேறு எவரையும் தொடவிடவில்லை என்று மூத்தவள் என்னிடம் சொன்னாள். எந்த விரிப்பில் இருப்பது எவருடைய இரத்தம் என்று சலவைக்கூடத்தில் எவருக்கும் தெரியாது. எனவே எல்லாவற்றையும் அவளே வெளுத்தாள்.

மருத்துவமனைக்கும் போனாள். தையல்காரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"ஒரு அடி அக்கா. ஒரே ஒரு அடி பின்னால வெச்சிருந்தா போதும்."

"வெச்சிருந்தா ரெண்டு பேருக்குமே போயிருக்கும்."

"இப்ப எனக்கு மட்டும் போச்சு."

முழங்கை கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த வருஷம் உன் பொண்ணுக்கு நான் நிக்கறேன். மொத இடம்." தையல்காரி பதில் சொல்லவில்லை. பதில் வராததைச் சம்மதம் என்று முழங்கை எடுத்துக்கொண்டாள்.

ஒரு வயது தள்ளிச் சேர்க்க விதியில் இடம் உண்டு. தையல்காரியின் மகள் அந்த ஓராண்டும் வீட்டிலேயே இருந்தாள். அம்மாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். தையல்காரி ஊன்றுகோலோடு எழுந்து நடக்கத் தொடங்கினாள். தையல் இயந்திரத்தை மிதிக்கத்தான் இடக்கால் ஒத்துழைக்கவில்லை.

அடுத்த சேர்க்கை நாளில் முழங்கை தனியாக ஓடினாள். இடுப்பில் கயிறு இல்லை. கயிற்றை அவள் அதன்பின் தொடவில்லை. வழியில் இரண்டு பேரைக் கீழே போட்டுவிட்டு முதலில் வாசலை அடைந்து, இரு கைகளாலும் கம்பிகளைப் பற்றிக்கொண்டாள். அவளுக்கு முதுகைக் காக்க இம்முறை எவரும் இல்லை.

பூட்டின் ஆட்கள் அவளை அடித்தார்கள். அவள் திருப்பி அடிக்கவில்லை. அடிக்க வேண்டுமானால் கம்பியை விட வேண்டும். முதுகில் உதைத்தார்கள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார்கள். ஈரத்துணி பிழிந்த விரல்கள் பிரியவில்லை. நெற்றியைக் கம்பியில் மோதினார்கள். புருவம் பிளந்து கண்ணில் இரத்தம் இறங்கியது. தெருவடியில் மேசையை விட்டுவிட்டு நான் காவலரிடம் ஓடினேன். "மேல நிக்கற வரிசைக்கு நாங்க பொறுப்பில்ல டீச்சர், கட்டை வரைக்கும்தான் எங்க வேலை," என்றார் அவர். பிறகு நானே மேட்டில் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பூட்டின் கையில் ஓர் உருட்டுக்கட்டை இருந்தது.

"விட்டுடு அக்கா. கை போயிடும்."

"போனா போகட்டும். இன்னொன்னு இருக்குல்ல."

"வேற யாரோ பெத்த பிள்ளைக்கு எதுக்கு அக்கா இந்த வேலை?"

"நீ மட்டும் உன் பிள்ளைக்கா நிக்கற?"

அவன் அவள் வலக்கை முழங்கைமேல் அடித்தான். எலும்பு நொறுங்கியது. அந்தக் கை கம்பியிலிருந்து தானே கழன்று தொங்கிற்று. இடக்கையால் அவள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கட்டையைக் கீழே போட்டுவிட்டுப் பூட்டு அவளுக்குப் பின்னால், இரண்டாவதாக நின்றான்.

வெயில் ஏறிய பின், ஊன்றுகோலை வைத்து வைத்து, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு தையல்காரி மேட்டில் வந்தாள். மகள் அணிந்திருந்தது சென்ற ஆண்டுச் சீருடை. மடிப்பைப் பிரித்து நீளமாக்கியிருந்தாள்.

"இங்க," என்று கூப்பிட்டாள் முழங்கை. வாய்க்குள் இரத்தம் இருந்ததால் குரல் தெளிவாக வரவில்லை. "இங்க வா. மொத இடம். சொன்னேன்ல."

வரிசை முழுவதும் திரும்பியது. தையல்காரி நின்று பார்த்தாள். கம்பியைப் பற்றிய கையையும், தொங்கிய கையையும், முகத்தையும் பார்த்தாள். பிறகு வரிசையின் கடைசிக்குப் போய், அங்கே நின்றாள்.

"ஏம்மா, உனக்கு முன்னால இடம் புடிச்சு வெச்சிருக்கு. போயேன்," என்றார் அங்கே நின்ற ஒருவர்.

"அது என் இடம் இல்லைங்க. நான் வந்ததே இப்பதான்."

வாசல் திறந்தது. முழங்கை சன்னலுக்கு முன்னால் நின்றாள்.

"பிள்ளை எங்க?" என்றார் எழுத்தர்.

"பின்னால நிக்குது சார்."

"முன்னால வரச் சொல்லு."

"வரமாட்டேங்குது."

"அப்ப நகரு. பின்னால எத்தன பேரு பாரு."

அவள் நகர்ந்தாள். வாழ்நாளில் முதன்முறையாக அந்த வரிசையின் ஓரமாகத் தலையிலிருந்து வால்வரை நடந்தாள். எல்லாரும் அவளுக்கு வழிவிட்டார்கள். "முழங்கைக்கு இன்னிக்குத் திசை மாறிடுச்சு," என்றான் ஒருவன். கடைசியில் போய்த் தையல்காரிக்குப் பின்னால் நின்றாள்.

வரிசை நகரத் தொடங்கியதும் எங்கிருந்தோ வந்த ஒரு தகப்பன், மகனைத் தூக்கிக்கொண்டு தையல்காரிக்கு முன்னால் நுழைந்தான். முழங்கையின் இடக்கை மடங்கி எழுந்தது.

"அடிக்காத," என்றாள் தையல்காரி, திரும்பாமலே.

எழுந்த கை அப்படியே நின்றது, பிறகு இறங்கியது. முன்னால் நுழைந்தவனுக்கு இடம் விட்டுத் தையல்காரி ஊன்றுகோலோடு ஓர் அடி பின்னால் வைத்தாள். அவள் முதுகு முழங்கையின் மார்பில் வந்து மோதியது. முழங்கை ஓர் அடி பின்னால் வைத்தாள்.

அறுபது அட்டைகளும் அவர்களுக்கு வெகு முன்னாலேயே தீர்ந்தன. சன்னல் மூடும் ஓசை மட்டும் கேட்டது. முன்னால் நுழைந்தவனும் அவர்களோடு சேர்ந்தே இறங்கி வந்தான்.

தையல்காரியின் மகளை நான் என் மேசையில் சேர்த்துக்கொண்டேன். முழங்கை சற்றுத் தள்ளி நின்று, தொங்கும் கையை மறு கையால் தாங்கியபடி கேட்டாள்:

"டீச்சர், சயின்ஸுக்கு ஆள் வந்தாச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"ம்," என்றாள்.

கை கோணலாகவே பொருந்தியது. அதன்பின் முழுதாக மடங்கவுமில்லை, நீளவுமில்லை. பிழியும் வேலை போயிற்று. மடிக்கும் வேலை கொடுத்தார்கள். கூலிக்கு நிற்பதையும் விட்டாள். ஊன்றுகோலோடு தினமும் பள்ளத்தில் இறங்கி ஏறத் தையல்காரியால் முடியாது. எனவே, நாள்தோறும் காலையில் அவளுடைய மகளை முழங்கையே அழைத்து வந்தாள். அதைத் தையல்காரி கேட்கவுமில்லை. வேண்டாம் என்று தடுக்கவுமில்லை. இருவருக்கும் பேச்சு இல்லை. மேட்டுத் தெருவின் அடியில் இரண்டு சிறுமிகளும் பிரிவார்கள். தையல்காரி தைத்த சீருடையில் முழங்கையின் மகள் தனியே மேலே ஏறுவாள். மற்றவள் முழங்கையின் இடக்கையைப் பிடித்துக்கொண்டு கீழே வருவாள்.

பிள்ளையை விட்டபின் முழங்கை உடனே போகமாட்டாள். எங்கள் பள்ளி வாசலில் நின்று, உள்ளே வரும் ஆசிரியர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்றும் பேசுவதில்லை. கோணிய கையை மார்போடு அணைத்தபடி நின்று பார்ப்பாள், அவ்வளவே. அந்த ஆண்டு எங்கள் பள்ளியில் எந்த ஆசிரியரும் மணியடித்தபின் வரவில்லை. அறிவியல் ஆசிரியரின் நாற்காலி மட்டும் காலியாகவே இருந்தது. வராத ஆளை வாசலில் நின்று பார்க்க அவளாலும் முடியவில்லை.